ரத்தக்கட்டை உருவிக் கலைக்காதீர்கள்

கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஃபுட்சால் திடலோரம் நின்றால் இதைப் பார்க்கலாம். எதிராளியின் கால் கணைக்காலில் பலமாக இடித்து ஒரு பையன் உட்கார்ந்துவிடுவான். பெரியவர் ஒருவர் தைலத்தை ஊற்றி, வீங்கிய இடத்திலேயே கட்டைவிரலை வைத்து, எலும்போடு சேர்த்து மேலிருந்து கீழாக உருவுவார். பையன் பல்லைக் கடிப்பான். "பொறுத்துக்கடா தம்பி, ரத்தக்கட்டு கலையணும்ல" என்பார்.

அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வைத்தியம் தவறு. தலைமுறை தலைமுறையாக வருகிறது என்பதற்காக அதை இனியும் பிள்ளைகளின் காலில் செய்துகொண்டிருக்க முடியாது.

கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலை அடுத்து எலும்புதான். அடியைத் தாங்கச் சதை இல்லை. அந்த எலும்பைப் போர்த்தியிருக்கிறது எலும்புறை என்னும் மெல்லிய சவ்வு. அதில் நரம்பு முனைகள் நிறைய. அதனால்தான் அங்கே இடித்துக்கொண்டால் உயிர் போகிறது. பலத்த அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிழிந்து, சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே ரத்தம் தேங்கும். அந்தக் குழாய்கள் அடைபடத் தொடங்கும் நேரத்தில் உருவினால் மறுபடி கசியும், வீக்கம் கூடும். சவ்வின் உட்புறத்தில் எலும்பை உண்டாக்கும் செல்கள் இருப்பதால், தேங்கிய ரத்தம் சிலருக்குக் கெட்டிப்பட்டு எலும்புப் புடைப்பாகவே நின்றுவிடுவதும் உண்டு. தொடையில் பலத்த அடிபட்ட பின் அழுத்திப் பிசைந்தால் சதைக்குள்ளேயே எலும்பு வளரும் அபாயம் இருக்கிறது.

"எங்க தாத்தா உருவித்தான் எனக்குச் சரியாச்சு" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேங்கிய ரத்தத்தை உடம்பு தானே சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும். பேர் மட்டும் தைலத்துக்குப் போய்விடுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் மசாஜ் செய்து பிழைக்கும் பார்வையற்றவர்களின் தொழிலை நான் குறை சொல்லவில்லை. களைத்த தசைக்கு அந்தக் கைகள் தரும் சுகம் பெரிது. புதிதாக அடிபட்ட எலும்பின் மேல் மட்டும் யார் கையும் வேண்டாம்.

முதல் 2, 3 நாள் ஆட்டம் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். கட்டு மிதமான இறுக்கத்தில் இருக்கட்டும், காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். சுடுநீர் ஒத்தடமும் சூடேற்றும் தைலமும் அந்த நாட்களில் வேண்டாம். எலும்புக் காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். வலி இருக்கும்போதே ஆட விடாதீர்கள்.

காலை ஊன்றவே முடியாவிட்டால், ஒரே புள்ளியில் தொட்டாலே துடித்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கால் கல்லாக இறுகி, விரலை அசைத்தாலே வலி தாங்காமல், மரத்தும் போனால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதம்கூடச் சதையை அழித்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சின்ன இடியே பெரிய கசிவாகும்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. பதின்ம வயதுப் பிள்ளைக்கு முழங்கால் அருகே வீக்கம் வாரக்கணக்கில் வற்றாமல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் இருந்தால், அது அடியே அல்லாமல் எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அபூர்வம்தான். ஆனால் அந்த வயதில் அது அதிகம் வரும் இடமே முழங்காலைச் சுற்றித்தான். 'பந்து விளையாடும்போது பட்ட அடி' என்று மாதக்கணக்கில் உருவிக்கொண்டிருந்தால், சிகிச்சைக்கான காலம் கையைவிட்டுப் போகிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போய், ராத்திரி வலியையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.