இரண்டு மாலைகளுக்கு ஒரு கோட்டு

ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் ஹெப்பகோடிக்கு மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்டில்தான் வந்தது. சொகுசுக் கப்பல் அதற்கு முன்பே வந்துவிட்டது. கடலே இல்லாத ஊருக்கு, மாதத் தவணையாக. சிங்கப்பூரிலோ பார்சிலோனாவிலோ புறப்படும் ஏழு இரவுப் பயணங்களுக்கு இங்குள்ள மென்பொருள் குடும்பங்கள் பதிவு செய்கின்றன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். பயணச்சீட்டு, விசா, காப்பீடு எல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் படுகிறது: இரண்டு மாலைகளில் முறைசார் உடை அணிய வேண்டும். வீட்டில் விவாதம் அந்த வரியில் தொடங்குகிறது. கோட்டும் சூட்டும் வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாகக் கொண்டுபோவதா?

இந்த விவாதம் பெரும்பாலும் தவறான இடத்தில் நடக்கிறது. வாடகைக்கும் கொண்டுபோவதற்கும் உள்ள வேறுபாடு சில ஆயிரம் ரூபாயும் இரண்டு கிலோ எடையும்தான். கவலைப்பட வேண்டியது மூன்றாவது வழியைப் பற்றி: நாலு பேர் முன் குறைந்துபோய்விடுவோமோ என்ற அச்சத்தில் புதிதாக ஒன்றை வாங்குவது. வாதம் எப்படித் தொடங்கினாலும் முடிவு பெரும்பாலும் கடைத்தெருவில்தான் நிகழ்கிறது.

அச்சத்தின் பொருளை முதலில் பார்க்கலாம். இன்று கப்பல் விருந்தில் உச்ச மரியாதைக்குரியதாகக் கருதப்படும் டின்னர் ஜாக்கெட், பிறந்தபோது மரியாதைக் குறைவான உடை. 1865இல் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட், வாலுள்ள நீண்ட கோட்டின் தொல்லை தாங்காமல், சாண்ட்ரிங்கம் மாளிகையில் நண்பர்களோடு உண்ணும்போது அணிவதற்காக ஹென்றி பூல் தையலகத்தில் ஒரு குட்டைக் கோட்டு தைக்கச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அது அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க்கின் டக்சீடோ பார்க்கை அடைந்தது. அமெரிக்கப் பழங்குடி மொழியொன்றில் பிறந்த ஊர்ப்பெயர் உடைக்கும் பெயராயிற்று. அதாவது, ஒரு செல்வந்தர் சௌகரியத்துக்காகத் தளர்த்திய உடை, காலப்போக்கில் மற்றவர்களை இறுக்கும் உடையாக மாறியிருக்கிறது. சொற்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. பேச்சுவழக்கு ஒன்று செந்தமிழாகிப் பின்னர் பிறரைத் திருத்தப் புறப்படும்.

இந்த உடையை வாடகைக்கு எடுப்பது இழிவு என்ற எண்ணத்துக்கும் அடிப்படை இல்லை. லண்டனின் மாஸ் பிரதர்ஸ் கடையில் வாடகைத் தொழில் 1897இல் தொடங்கியது. நொடித்துப்போன பங்குத் தரகர் ஒருவர், செல்வர் வீட்டு விருந்துகளில் பாடி மகிழ்விப்பவராக இருந்தார். அவ்வீடுகளில் நுழைய மாலை உடை வேண்டும், வாங்கவோ வசதியில்லை. நண்பரான ஆல்பிரட் மாஸ் அவருக்கு ஒரு சூட்டை இரவலாகக் கொடுத்தார். அவர் மீண்டும் மீண்டும் வந்து கேட்கவே, கட்டணம் விதிக்கத் தொடங்கினார். பின்னாளில் பிரபுக்களே அக்கடையின் வாடிக்கையாளர்களானார்கள். அந்த உடை பிறந்த நாட்டிலேயே கனவான்கள் வாடகைக்கு எடுத்து அணிந்த ஒன்றை, ஹெப்பகோடியில் ஒருவர் சொந்தமாக வைத்திருந்தால்தான் மரியாதை என்பது விசித்திரம்.

தமிழகத்துக்கும் உடை வாடகை புதிதன்று. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய நூலில், சலவைத் தொழிலாளர்கள் வெளுக்க வந்த துணிகளை வேண்டியவர்களுக்கு வாடகைக்கு விட்டதைக் குறிப்பிடுகிறார். இழவு ஊர்வலத்தில் நிலத்தில் விரிக்கவும் அத்துணிகள் போயின. நல்ல உடை வாங்க இயலாதவர்களின் உடம்புக்கும் போயின. பிற்காலத்தில் அந்த இடத்தைப் புகைப்பட நிலையங்கள் பிடித்தன. ஆணியில் தொங்கும் ஒரே கோட்டு, கொக்கி வைத்த ஒரே டை. ஊரில் வேலைக்கு விண்ணப்பித்த அத்தனை இளைஞர்களும் அதற்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள்தாம். படத்தில் இடுப்புக்கு மேல் கோட்டும், படத்துக்கு வெளியே கைலியும். பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கியும் மாலைக்குள் திருப்பித் தர வேண்டியதே. தமிழ் ஆண்களில் பெரும்பாலோர் முதன்முதலில் அணிந்த முறைசார் உடை அடுத்தவருடையது.

ஆனாலும் கூச்சம் இருக்கிறது. அதன் வேர் ஒருவேளை சொல்லிலேயே இருக்கலாம். கடன் வாங்கினால் ஈடானதைத் திருப்பினால் போதும். இரவல் வாங்கினால் அதே பொருளைத் திருப்ப வேண்டும். கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்ற பொருளும் உண்டு. அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. இரவலோ இரத்தலோடு பிறந்த சொல். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றிய பழமொழி இன்னும் வழக்கில் இருக்கிறது. வாடகை இரவல் அன்று. காசு கொடுத்து வாங்கும் பயன்பாடு. வீட்டை வாடகைக்கு எடுப்பவரை எவரும் இரப்பவர் என்று சொல்வதில்லை. ஹெப்பகோடியில் பாதி ஊர் வாடகை வீட்டில்தான் வாழ்கிறது. உடம்பின் மேல் வரும்போது மட்டும் வாடகை இரவலின் நிழலைச் சுமக்கிறது.

சொந்தமாகக் கொண்டுபோனவர்களின் அனுபவம் எப்படி இருந்தது? இதற்கு காந்தியின் 1888ஆம் ஆண்டுப் பயணத்தைவிட நல்ல பாடம் இல்லை. பம்பாயில் தைத்த உடைகளோடு செப்டம்பர் 4இல் ‘கிளைடு’ கப்பலில் ஏறினார். கப்பலில் கறுப்பு உடையையே அணிந்துகொண்டு, வெள்ளை ஃபிளானல் உடையைக் கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தினார். செப்டம்பர் இறுதியின் குளிரில் இறங்கியபோது, வெள்ளை உடையில் நின்றவர் அவர் ஒருவரே. மாற்றிக்கொள்ள வழியில்லை, பெட்டிகளும் சாவிகளும் முகவர் நிறுவனத்திடம் போய்விட்டன, மறுநாளோ ஞாயிற்றுக்கிழமை. அந்த வெட்கத்தைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அடுத்து நிகழ்ந்ததுதான் இங்கே முக்கியம்: பம்பாய்த் தையல் லண்டனுக்குப் பொருந்தாது என்று கருதிப் புது உடைகள் வாங்கினார், 19 ஷில்லிங்குக்குத் தொப்பி வாங்கினார், பாண்ட் தெருவில் 10 பவுனுக்கு ஒரு மாலை உடை தைத்தார். அந்தப் பத்துப் பவுனை வீணடித்த பணம் என்றே பின்னாளில் கணக்கெழுதினார்.

இராமானுஜன் 1914 மார்ச் 17இல் சென்னையிலிருந்து ‘நெவாசா’ கப்பலில் புறப்பட்டபோது, குடுமி கத்தரிக்கப்பட்டிருந்தது. மேலைநாட்டு உடை உடம்பில் ஏறியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கிய உதவியில் பயணச் செலவோடு உடைச் செலவும் சேர்ந்திருந்தது. இது கவனிக்க வேண்டிய நேர்மை. அந்த உடையைக் கேட்டது அவருடைய உடம்பன்று, போகும் இடம். எனவே அதற்கான செலவை அனுப்பியவர்கள் ஏற்றார்கள். இன்றைய கப்பல் நிறுவனம் அந்தச் செலவைப் பயணியின் தலையில் வைக்கிறது. இணங்காதவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. முதன்மை உணவறைக்குப் பதில் பஃபே தளத்தில் சாப்பிடலாம் என்கிறது. ஒரே கட்டணம் செலுத்திய இருவரில் ஒருவரை மேல்தட்டுக்கும் மற்றவரைத் தட்டு ஏந்தும் வரிசைக்கும் அனுப்புவது ஒரு கோட்டு.

எல்லாக் கப்பல்களும் அப்படி அல்ல. நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே முறைசார் உடையின் கட்டாயத்தைக் கைவிட்டது. குனார்ட் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. அங்கே காலா மாலைகளில் 6 மணிக்கு மேல் கப்பலின் பெரும்பகுதி அந்த உடைக்குரியது. எனவே எந்தக் கப்பல் என்று கேட்காமல் கோட்டைப் பற்றிப் பேசுவது, எந்த ஊர் என்று கேட்காமல் குடை எடுப்பதைப் போன்றது.

இனி கணக்கு. பெங்களூரு வாடகைக் கடைகள் உடை கையில் இருக்கும் நாள்களுக்குக் கட்டணம் கேட்கும். ஏழு இரவுக் கப்பலுக்கு விமானப் போக்குவரவையும் சேர்த்தால் ஒன்பது, பத்து நாள். உடுத்துவதோ இரண்டு மாலை. முன்பணம் தனி; குழம்புக் கறை பட்டால் அது திரும்பாது. சில கப்பல்களில் முன்கூட்டியே அளவு கொடுத்தால் உடை அறைக்கே வரும். அங்கே நாள் கணக்கு இல்லை, ஆனால் அளவு தவறினால் நடுக்கடலில் தையற்காரரைத் தேட முடியாது. கால்சட்டையின் இடுப்பை ஊருக்கு ஊர் திருத்திக்கொள்ளலாம். கோட்டின் தோளை யாரும் திருத்த முடியாது. ஆகவே தோள்தான் தீர்ப்பு. வீட்டில் திருமண வரவேற்புக் கோட்டு இருந்து, தோள் இன்னும் பொருந்தினால், பொத்தான் எட்டாவிட்டாலும் அதையே கொண்டுபோகலாம். கோட்டைத் திறந்து அணிவதை எந்தக் கப்பலும் தடுத்ததில்லை. தோள் பொருந்தாவிட்டால் வாடகை. பிள்ளைகளுக்கு வாடகைதான், ஐயமே வேண்டாம். அடுத்த ஆண்டு அவர்கள் வேறு அளவு. பெண்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, பட்டுச்சேலை எந்த விருந்திலும் நிமிர்ந்து நிற்கும். ஆண்களுக்கு மட்டும் ஏன் அப்படியொரு உடை இல்லை?

இருக்கிறது. பேசப்படுவதில்லை. 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது: வேட்டி அணிந்ததற்காக மன்றமோ விடுதியோ நுழைவை மறுத்தால் உரிமம் பறிபோகலாம், ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அச்சட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. ஓசூரைத் தாண்டி ஹெப்பகோடிக்குக்கூட வராது. பெங்களூரு மாகடி சாலையின் ஒரு வணிக வளாகத்தில் 2024 ஜூலையில் பஞ்சை உடுத்திய முதிய விவசாயி தடுக்கப்பட்டார். கர்நாடக அரசு அந்த வளாகத்தை ஏழு நாள் மூடச் சொன்னது. கரையிலேயே இந்த நிலை என்றால், வேறு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு ‘ராஜபுதனா’ கப்பலில் சென்ற காந்தி, பக்கிங்காம் அரண்மனைக்கு அரையாடையோடு போனார். மதுரையில் 1921இல் ஏற்ற கோலம் அது. காந்திக்குச் செல்லுபடியானது, விடுமுறைக்குப் போகும் கணக்காளருக்குச் செல்லுபடியாகும் என்று சொல்லிவிட முடியாது. கூட வந்த பிள்ளைகளின் முகத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் சில கப்பல்களின் விதியில் தேசிய உடைக்கு இடம் இருக்கிறது. கேட்பவர் இல்லாததால் அது வெறும் வரியாகக் கிடக்கிறது. பட்டு வேட்டியும் சட்டையும் அங்கவஸ்திரமும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். பெரும்பாலான தமிழ் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். தோள் அளவுத் தொல்லையும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட்டுக்கு வணக்கம் சொல்லும் விருந்து மேசை வேட்டிக்கும் சொல்லும், நான்கு பேர் உடுத்திப் போனால்.

புதிதாக வாங்குவதற்கு எதிராக ஹெப்பகோடியிலேயே ஒரு காரணமும் இருக்கிறது. இச்சாலையின் இருமருங்கிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியின் நிறுவனப் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற விதியை எதிர்த்து அவர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டு நாள் பெங்களூரு அசையவில்லை. ஹெப்பகோடி காவல் நிலையமே தாக்குதலுக்குள்ளானது. மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அந்தச் சேமிப்பு மகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு முன்பணம், மருத்துவச் செலவு. துணியின் விலையை இவ்வளவு துல்லியமாக அறிந்த ஊரில், இரண்டு மாலைக்காக வாங்கிய கோட்டு பிளாஸ்டிக் உறைக்குள் பத்து ஆண்டு தொங்குவது கண்ணை உறுத்துகிறது. அதைவிட நாற்பது தோள்கள் ஏறி இறங்கிய வாடகைக் கோட்டுக்குத் தைத்தவரின் உழைப்பு பற்றிக் கூடுதல் மரியாதை உண்டு.

பதிவு செய்வதற்கு முன் கப்பல் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்: முறைசார் மாலைகளில் வேட்டி ஏற்கப்படுமா, எந்தெந்த உணவறைகளில்? ஆம் என்று வரும் பதிலை அச்செடுத்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொள்வது நல்லது. கப்பலில் இணையத்துக்குத் தனிக் கட்டணம்.