இரண்டு குழந்தைகள் பெயரில் விவால்டி

செல்போனில் 'காத்திருங்கள்' என்று சொல்லிவிட்டு ஓட விடுவார்களே, அந்த 'நான்கு பருவங்கள்' வயலின் இசை! அதை எழுதியவர் விவால்டி. வெனிஸ் நகரத்துப் பாதிரியார். 1741-ல் வியன்னாவில் வறுமையில் இறந்தார். அதன்பின் கிட்டத்தட்ட இருநூறு வருடம் உலகம் அவரை மறந்தே போனது. அச்சேறியிருந்த சில வயலின் தொகுப்புகள்தான் மிச்சம்.

1926. வட இத்தாலியில் சலேசியப் பாதிரியார்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடம். கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். துராட்சோ என்ற பிரபு குடும்பத்திலிருந்து வந்த பழைய இசைச் சுவடிகளை விற்றால் என்ன? விலை மதிப்புப் பார்க்க டூரின் நூலகத்துக்கு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்த பேராசிரியர் ஆல்பெர்த்தோ ஜென்டிலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 14 தொகுதிகள் விவால்டியுடையவை. பெரும்பாலும் அவரே கைப்பட எழுதியது!

வாங்க நூலகத்திடம் பணமில்லை. விஷயம் கசிந்தால் வியாபாரிகள் கட்டுக் கட்டாகப் பிரித்து விற்றுவிடுவார்கள். ஜென்டிலி சத்தமில்லாமல் ஆள் தேடினார். ரொபெர்த்தோ ஃபோஆ என்ற பங்குத் தரகர் கிடைத்தார். கைக்குழந்தை மாவ்ரோவைப் பறிகொடுத்திருந்த அப்பா. மொத்தத்தையும் வாங்கி, மகன் பெயரில் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால், தொகுதி எண்களில் இடையிடையே ஓட்டை. பாகப்பிரிவினையில் சுவடிகள் இரண்டாகியிருக்கின்றன! மறுபாதி ஜெனோவாவில், அதே துராட்சோ குடும்பத்து வாரிசு ஒருவரிடம். மனிதர் லேசில் மசியவில்லை. 1930-ல்தான் கொடுத்தார். இந்த முறை பணம் போட்டவர் ஜவுளி அதிபர் ஃபிலிப்போ ஜோர்தானோ. அவரும் ரென்சோ என்ற சின்னப் பையனை இழந்தவர் என்பதை என்னவென்று சொல்ல?

ஆக 27 தொகுதிகள், சுமார் 450 படைப்புகள். வயலின்காரர் என்று மட்டும் நினைத்திருந்தவர் ஒபராவும் தேவாலய இசையும் குவித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. இன்று உலகமெங்கும் பாடுகிற அவருடைய 'குளோரியா' 1939-ல் சியெனா நகர விழாவில் மறுபடி ஒலித்தது.

ஜென்டிலி யூதர். விழாவுக்கு முந்தைய வருடம்தான் முசோலினி அரசின் இனவெறிச் சட்டம் அவருடைய பல்கலைக்கழக வேலையைப் பறித்திருந்தது. பணம் கொடுத்த ஃபோஆவும் யூதரே.

சுவடிகள் இப்போதும் டூரினில்தான். 'குளோரியா' எங்கே என்று கேட்டால், 'ஜோர்தானோ 32' என்று எடுத்துத் தருவார்கள்.