குச்சியும் வேர்விடும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு மீனும் இறாலுமே சோறு. அவற்றின் குஞ்சுகள் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்கின்றன. மரம் குறைந்தால் வலையும் வெறுமையாகும்.

விதை கிடைக்காத மரத்தை எப்படிப் பெருக்குவது? கிளையை நறுக்கி நடலாம். அதில் வேர் பிறக்கச் செய்வது ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி. செடியின் நுனியில் சுரந்து அடிநோக்கி இறங்குவது அது. செயற்கையாகவும் தயாரிக்கிறார்கள்.

சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லையும் ஓர் அலையாத்தி இனமே. அதன் கிளைத்துண்டுகளை ஆக்சின் கொடுத்து வேர்விடச் செய்த ஆய்வை, சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

அளவு மிஞ்சினால் ஆக்சினே வேரைத் தடுக்கும். தில்லைப் பால் கண்ணுக்கும் ஆபத்து. ஆகவே முறையான பயிற்சி தேவை. பழவேற்காட்டுக் குப்பங்களில் நாற்றங்கால் அமைத்து, மீனவப் பெண்களுக்கு இக்கலையைக் கற்றுத்தர அரசு ஆவன செய்ய வேண்டும்.