கருகுகிற ரெசிஸ்டரைக் குறை சொல்லாதீர்கள்

எங்கள் வல்லத்தில் எனக்கு 'ரேடியோ பைத்தியம்' என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. ஆகையால் இன்று என் பைத்தியத்தைப் பற்றியே ஒரு சண்டை.

சென்ற மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். ஹாம் உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 807 வால்வு இரண்டு போட்டு ஆம்ப்ளிஃபயர் கட்டியிருக்கிறார். 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு தொல்லையும் இல்லை. 28-க்குப் போனால் பிளேட் ஒயரில் இருக்கிற சின்ன ரெசிஸ்டர் புகைகிறது. ஒரு பெரியவரைக் கேட்டாராம். "அது எதுக்குப்பா, பிடுங்கிப் போடு" என்று சொல்லிவிட்டார். பிடுங்கினார். மறுநாள் ஸ்விட்சைப் போட்டதும், உள்ளே சிக்னலே கொடுக்காமல் மீட்டர் முள் எகிறியது; பேண்ட் ஸ்விட்சில் பொறி பறந்தது; ஒரு வால்வு போயே போய்விட்டது.

இந்த மாதிரி யோசனை சொல்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அந்த ரெசிஸ்டர் அழகுக்கு வைத்தது அல்ல. வால்வுக்குள்ளும் ஒயர்களிலும் இருக்கிற கொள்ளளவும் தூண்டலும் சேர்ந்து, நாம் கேட்காத 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வால்வைத் தானாகவே அலையவைக்கும். அதை அடக்கத்தான் நாலு சுற்றுக் காயிலும், அதோடு இணையாக 47 ஓம் ரெசிஸ்டரும். நம் அலைவரிசையில் மின்னோட்டம் காயில் வழியே சுலபமாகப் போய்விடும். வேண்டாத உயர் அலைவரிசையில் காயில் தடுக்கும். ரெசிஸ்டர் அந்தச் சக்தியைத் தின்றுவிடும். ஏரியில் மதகும் கலங்கலும் வேலை பிரித்துக்கொள்வது மாதிரிதான்.

பிறகு ஏன் கருகுகிறது? கணக்குப் போடுங்கள். காயில் 0.1 மைக்ரோஹென்றி என்றால் 7 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 4.4 ஓம், 28-ல் 17.6 ஓம். அதே மின்னோட்டத்துக்கு ரெசிஸ்டரில் பிறக்கும் சூடு ஏறக்குறைய 14 மடங்கு! குற்றம் ரெசிஸ்டருடையது இல்லை; சுற்று அதிகமான காயிலுடையது.

"பெரிய வாட் போட்டால் தீர்ந்தது" என்பார் இன்னொருவர். கடையில் கிடைக்கிற பெரிய வாட் ரெசிஸ்டர் பெரும்பாலும் கம்பி சுற்றியது. அதுவே ஒரு காயில்! அடக்க வந்ததே ஆட்டம் போடும். கார்பன் அல்லது தூண்டல் இல்லாத வகைதான் வேண்டும். சூடுபட்ட பழைய கார்பனின் மதிப்பு மாறியிருக்கும். அளந்து பார்த்து மாற்றுங்கள்.

காயிலில் ஒரு சுற்றைக் குறையுங்கள்; சூடு பாதிக்கும் கீழே இறங்கும். ஒரேயடியாகக் குறைத்தால் அடக்கும் சக்தி போய்விடும். ஒவ்வொரு சுற்றாகக் குறைத்து, சிக்னல் கொடுக்காமல் மீட்டர் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். தம்பியின் பெட்டி அப்படித்தான் சரியானது.

"இதெல்லாம் பழங்கதை" என்பீர்கள். 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியவர்களில் ஹாம்களும் இருந்தார்கள். அப்படி ஒரு நாளில் கைவிடாத பெட்டிதான் பெட்டி.

கடைசியாக ஒன்று. மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். கண்டன்சரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். 600 வோல்ட்டுக்குப் பெரியவர், சின்னவர் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி இளைஞர்களுக்குச் சொல்கிற நம் வாய்க்கும் ஒரு சப்ரஸர் வேண்டும், ஐயா!