சேக்காடு பகுதியில் கோடை வெப்பப் பாதுகாப்பு ஏற்பாடுகள் கோரி மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
சேக்காடு, ஆவடி.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
ஆவடி மாநகராட்சி.

நகல்: மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர், மாவட்ட சுகாதார அலுவலர், மின் பகிர்மானக் கழகச் செயற்பொறியாளர், ஆவடி.

மதிப்பிற்குரிய ஐயா,

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்க வெயிலில் திரண்ட கூட்டத்தில் 5 பேர் உயிரிழந்தனர். அது சித்திரை வெயில்கூட அல்ல, புரட்டாசி வெயில். அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் தர ஆணையிட்டது. அந்த ஆணையை வரவேற்கிறோம். ஆனால் நிவாரணம் சாவுக்குப் பிறகு வருவது. சாவே நேராமல் காக்கும் ஏற்பாடு எங்கள் தெருக்களுக்கு வரவேண்டும் என்பதற்காகவே இம்மனு.

சென்னைக்குள் கடற்காற்று நுழைந்து வெயில் தணியும் வேளையிலும் ஆவடி பக்கம் அனல் அடங்குவதில்லை. காற்று இங்கு வந்து சேரத் தாமதமாகும். மேற்குக் காற்று வலுத்த நாளில் வராமலே போகும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை உலராது, உடல் சூடு இறங்காது. ஆகவே வெப்பமானி 40 டிகிரியைத் தொட்டால்தான் ஆபத்து என்று காத்திருக்கக் கூடாது.

முதலில் வெயிலில் நின்று உழைப்பவர்களைப் பற்றிச் சொல்கிறோம். தூய்மைப் பணியாளர்கள், கட்டட வேலை செய்வோர், தள்ளுவண்டி வியாபாரிகள், உணவு கொண்டுவரும் இளைஞர்கள் ஆகியோருக்குக் குடை பிடிக்க ஆளில்லை. கேரளத்தில் கோடை மாதங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கு ஓய்வு தரும் முறை நடைமுறையில் உள்ளது. அதைப்போல, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட மாநகராட்சிப் பணியாளர் அனைவருக்கும் கூலி குறையாமல் பணிநேரத்தை மாற்றித் தர வேண்டும். கட்டட அனுமதி பெறுவோர் வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அமைப்பதை நிபந்தனையாக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். அண்ணா நகரில் உணவு விநியோக ஊழியர்களுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை 2025-ல் திறக்கப்பட்டது. அப்படியொன்று இங்கும் வேண்டும்.

வீட்டுக்குள் இருப்பவர்களும் தப்புவதில்லை. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வேய்ந்த வீடுகள் இரவிலும் தணலாகக் கொதிக்கின்றன. அங்கே மின்விசிறி நின்றால் முதியவர்களும் கைக்குழந்தைகளும் தூங்க முடியாது. மின்மாற்றிப் பராமரிப்பைக் கோடைக்கு முன்பே முடித்து, இரவு நேர மின்தடையைத் தவிர்க்க வேண்டும். வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சை ஏழைகளின் கூரைகளுக்கு இலவசமாக அடித்துத் தர வேண்டும். தெலங்கானா 2023-லேயே குளிர் கூரைக்கெனத் தனிக் கொள்கை வகுத்துவிட்டது.

தனியாக வாழும் முதியவர்களைத் தேடிப் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களிடம் சர்க்கரை நோயாளிகள், ரத்த அழுத்த நோயாளிகள் பட்டியல் இருக்கிறது. வெப்ப எச்சரிக்கை வரும் நாளில் அத்தன்னார்வலர்கள் பட்டியலில் உள்ள முதியவர்களை ஒருமுறை விசாரித்துப் போகட்டும். சிறுநீர் அதிகம் போகச்செய்யும் மாத்திரை சாப்பிடுவோருக்கு மருத்துவர் அறிவுரையும் கிடைக்கட்டும்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஐஸ், குளிர்விக்கும் படுக்கை ஆகியவை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்க நனைத்து, விசிறிவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, நினைவோடு இருப்பவருக்குக் கொடுக்கலாம். இந்த முதலுதவிக் குறிப்புகளைப் பேருந்து நிறுத்தங்களிலும் ரேஷன் கடைகளிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டுகிறோம்.

நிழற்குடை இல்லாத நிறுத்தங்களுக்குக் கூரையும், சாலையோரம் வேம்பு, புங்கன் கன்றுகளும் வேண்டும். தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழாவோடு நின்றுவிடாமல், மே இறுதிவரை தினமும் தண்ணீர் நிரப்புவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பந்தல்களைக் கவனிக்க எங்கள் உறுப்பினர்கள் முன்வந்துள்ளனர்.

இக்கோரிக்கைகள் குறித்து மார்ச் மாதத்துக்குள் எங்களை அழைத்துப் பேசி, எது எப்போது நடக்கும் என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்