சீட் கிடைப்பதற்கு முன்பே

போன கலந்தாய்வுக் காலத்தில் ஒரு மாலை, வில்லங்கச் சான்று எடுக்கத் திண்டிவனத்தில் ஒரு நெட் சென்டருக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். எம்.பி.பி.எஸ். படித்து, ஹவுஸ் சர்ஜனும் முடித்தவர். பின்னால் அவருடைய அப்பா நின்றிருந்தார். அன்று காலைதான் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகளைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது. திரையில் முதுநிலை மருத்துவப் படிப்புக்கான அகில இந்தியக் கலந்தாய்வுப் பக்கம். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், டெபாசிட் 10,000 ரூபாய். பெண்ணின் கணக்கில் அவ்வளவு பணம் இல்லை. கடைக்காரப் பையன் தன் கார்டைப் போட்டுக் கட்டினான். அப்பா ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணி அவன் கையில் கொடுத்தார்.

"இது திரும்பி வருமா தம்பி?"

"வரும்பா. சீட்டு வந்து சேராம வுட்டாதான் போயிடும். ஆனா என் அக்கவுண்டுக்குத்தான் வரும். வந்ததும் பாப்பாவுக்கு போன் பண்றேன்."

அடுத்து அவன் கேட்டான்: "டீம்டு காலேஜும் போடணுமாக்கா? அதுக்குத் தனியா ரெண்டு லட்சம் கட்டணும்." அப்பா பேசவில்லை. "வேணாம்ண்ணா" என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டார்.

மருத்துவப் படிப்பின் செலவு என்றதும் நாம் கல்லூரிக் கட்டணத்தைத்தான் பேசுகிறோம். கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே, விண்ணப்பிப்பதற்கு மட்டும் ஆகிற செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் கூட்டிப் பார்த்தேன்.

நீட் பிஜி தேர்வுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கும் ஓபிசி பிரிவினருக்கும் 3,500 ரூபாய்; பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500 ரூபாய். 2023 வரை இது 4,250, 3,250 என்று இருந்தது. 2024 ஜனவரி முதல் 750 ரூபாய் குறைத்தார்கள். குறைத்ததை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் அது ஒரு தேர்வு மட்டுமே. ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு ஐஎன்ஐ-சிஇடி என்று தனித் தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை. ஓபிசி பிரிவுப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் 4,000 ரூபாய். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி பஸ் ஏறினால் ஊருக்குள் போவதற்கு முன்பே ஜிப்மர் வாசலில் இறங்கிவிடலாம். நம் பக்கத்து நோயாளிகள் நாள்தோறும் இறங்கும் நிறுத்தம் அது. அங்கே மேல்படிப்பு படிக்க வேண்டும் என்று இந்த மாவட்டத்துப் பிள்ளை ஆசைப்படுவது இயல்பு. இரண்டு முறை எழுதினால் 8,000. நீட் பிஜியையும் கலந்தாய்வுப் பதிவையும் சேர்த்தால் திரும்பி வராத பணம் மட்டும் 12,000. அதோடு 10,000 டெபாசிட். மாநிலக் கலந்தாய்வுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். பயிற்சிச் செயலிகளுக்கான சந்தா பல ஆயிரம். முதல் முறையிலேயே விரும்பிய பிரிவு கிடைப்பவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு மறு ஆண்டு எல்லாமே முதலிலிருந்து.

ஓபிசி என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் தாலுகா அலுவலகம் தரும் எம்பிசி, பிசி சாதிச் சான்று அகில இந்தியக் கலந்தாய்வில் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும். அது கையில் இல்லாதவர் பொதுப் பிரிவில்தான் பதிய முடியும். அப்போது பதிவுக் கட்டணம் 1,000, டெபாசிட் 25,000. முதல் தலைமுறையாகப் படித்து வந்த வீட்டில் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஆள் கிடையாது.

டெபாசிட் எதற்கு என்றால், இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் விட்டுவிட்டுப் போவதைத் தடுக்க. நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஒருவர் விட்டுப்போன இடம் காலியாகக் கிடந்தால், நமக்கு வர வேண்டிய ஒரு மயக்கவியல் மருத்துவரோ குழந்தை மருத்துவரோ வராமல் போகிறார். இப்படி இடம் பிடித்து வைப்பதைக் கண்டித்து உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் கடுமையான உத்தரவு போட்டது. தனியார், நிகர்நிலைக் கல்லூரிகள் தங்கள் கட்டணம் முழுவதையும் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்றும் அதில் சொன்னது. ஆனால் இந்த டெபாசிட் யாரைத் தடுக்கிறது? ஆண்டுக்குப் பல லட்சம் கட்டிப் படிக்கத் தயாராக இருப்பவருக்கு 25,000 ரூபாய் ஒரு பொருட்டில்லை. மல்லாட்டை விற்ற பணத்தைக் கட்டியவர்தான் பயப்படுகிறார். இரண்டாம் சுற்றில் ஒதுக்கிய இடத்தில் சேராவிட்டால் டெபாசிட் போய்விடும். கடைசி ஸ்ட்ரே சுற்றில் சேராவிட்டால் டெபாசிட்டும் போய், அடுத்த தேர்வெழுதவும் தடை. அந்தப் பயத்தில் தூரத்துக் கல்லூரிகளைத் தேர்வுப் பட்டியலில் சேர்க்காமலே விடுகிறவர்கள் உண்டு. மதிப்பெண் இருந்தும் வாய்ப்பின் அகலத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள்.

பணம் கட்டியும் அலைச்சல் தீருவதில்லை. 2024 ஜூன் 23 காலை நடக்க வேண்டிய நீட் பிஜி தேர்வை முந்தைய நாள் இரவு ஒத்திவைத்தார்கள். அதற்குள் பலர் வெளியூரில் அறை எடுத்துத் தங்கிவிட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 11-க்குத் தேர்வு மாறியபோது, தமிழ்நாட்டு மருத்துவர்கள் பலருக்கு ஆந்திரத்தில் மையம். மீண்டும் ரயில், மீண்டும் லாட்ஜ். அந்த இரண்டாம் பயணச் செலவை விண்ணப்பதாரர்கள்தான் ஏற்றார்கள்.

இங்கே இன்னொரு தேர்வை ஒப்பிட்டே ஆக வேண்டும். ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வுக்கு யுபிஎஸ்சி வாங்கும் கட்டணம் 100 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அதுவும் கிடையாது. மாவட்ட ஆட்சியராவதற்கு 100 ரூபாயில் விண்ணப்பிக்கலாம் என்றால், அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணராவதற்கு 3,500 எதற்கு? நீட் பிஜிக்கு ஆண்டுதோறும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். அத்தனை பேரும் குறைந்த கட்டணமான 2,500 மட்டுமே கட்டியதாக வைத்துக்கொண்டாலும் 50 கோடி ரூபாய் சேர்கிறது. கணினியில் நடக்கும் தேர்வுக்கும் பாதுகாப்புக்கும் செலவு ஆகும் என்பது எனக்குப் புரிகிறது. அதை வேலையில்லாத இளம் மருத்துவர் தலையில் முழுதாகச் சுமத்த வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான். அங்கே ரெசிடென்சி பயிற்சிக்கு ஒவ்வொரு மருத்துவமனைத் திட்டத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும்: 2025 சேர்க்கைப் பருவத்தில் முதல் முப்பதுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர். நூறு இடங்களுக்கு விண்ணப்பித்தால் 2,430 டாலர், ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய். வெளிநாட்டில் படித்தவர்கள் நூறுக்கு மேலும் விண்ணப்பிப்பது சாதாரணம். இங்கே படித்து அங்கே போக நினைக்கும் நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அடக்கம்.

நான் இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பி.கலையரசன் ஆணையத்தின் பரிந்துரை, சட்டமன்றத்தில் மசோதா, ஆளுநரின் ஒப்புதலுக்கு நீண்ட காத்திருப்பு என்று அது கடந்து வந்த பாதை நமக்கு நினைவிருக்கும். அந்த முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றார்கள். தனியார் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கும் அரசே கட்டணம் செலுத்தியது. தமிழ்நாடு செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று அது. அந்த முதல் அணி இப்போது ஹவுஸ் சர்ஜன் முடித்து, பிஜி வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டு கட்டணம் கட்டிய அரசு, விண்ணப்பம் போடும் இடத்தில் அவர்களைத் தனியாக விட்டுவிடக் கூடாது.

அவர்களில் பலர் என்ன செய்வார்கள் என்று ஊகிக்க முடிகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வெழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவார்கள். சில ஆண்டு சம்பளம் வாங்கிய பிறகு, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் முயல்வார்கள். மாநிலங்கள் அப்படி இடம் ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்ததால் அந்த வழியாவது பிழைத்தது. கிராமத்தில் வேலை பார்ப்பது பெருமைக்குரியது. ஆனால் விருப்பத்தால் அங்கே போவதும், விண்ணப்பச் செலவுக்குப் பயந்து போவதும் ஒன்றாகாது.

இதனால் இழப்பு நமக்கும்தான். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் நள்ளிரவில் அடிபட்டவரை 108-ல் ஏற்றினால், இந்தப் பக்கத்தில் வண்டி ஓடுவது முண்டியம்பாக்கத்துக்கு. 2010-ல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. தலைக்காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் மயக்க மருந்துக்கும் அங்கே நிபுணர்கள் வேண்டும். இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் மேல்படிப்பு முடித்து வந்தால் அவர்கள் இங்கேயே தங்குவதற்கு வாய்ப்பு அதிகம் என்று நான் நம்புகிறேன்.

வழி இல்லாமல் இல்லை. 'நான் முதல்வன்' திட்டத்தில், யுபிஎஸ்சிக்குத் தயாராகும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலையில் வென்றால் 25,000 ரூபாய். பொதுப் பிரிவுக்கு அகில இந்தியக் கலந்தாய்வு கேட்கும் டெபாசிட்டும் அதே 25,000தான். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் படித்தவர்களுக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் இதே போல ஒரு ஏற்பாட்டைச் சுகாதாரத் துறை செய்ய வேண்டும்: தேர்வுக் கட்டணத்தை அரசே கட்டட்டும், டெபாசிட்டுக்கு அரசே உத்தரவாதம் நிற்கட்டும். விழுப்புரம், திண்டிவனம் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் பேரவையில் இதை எழுப்ப வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டிலோ தெருவிலோ விண்ணப்பிக்கப் போகும் பிள்ளை இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். டெபாசிட்டை அந்தப் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்குத்தான் பணம் திரும்பி வரும்.