இயந்திரம் யாருக்குச் சொந்தம்?

செயற்கை நுண்ணறிவால் வேலைகள் பெருகும், உற்பத்தி உயரும், கடைக்கோடி ஊரும் வளம் பெறும் என்று ஒன்றிய அரசும் பெருநிறுவனங்களும் ஒரே குரலில் முழங்குகின்றன. அதன் ஆற்றலை உழைக்கும் வர்க்கம் மறுக்கவில்லை. அது யார் பணத்தில் வளர்கிறது, அதன் ஆதாயம் யாரைச் சேர்கிறது என்பதே கேள்வி.

போர்ட் பிளேர் துறைமுகத்தின் மறுகரையில், சாத்தாமிலிருந்து படகில் சென்றடையும் பாம்பூஃப்ளாட்டில் நின்று பார்த்தால் விடை தெளிவாகும். அங்கே 20 மெகாவாட் டீசல் மின் நிலையத்தைத் தனியார் நிறுவனம் அமைத்தது. அதன் மின்சாரத்தை வாங்கியது தீவு நிர்வாகம். செலவு பொதுவுக்கு, லாபம் தனியாருக்கு என்ற இந்த ஏற்பாடே இன்று பன்மடங்கு பெரிய அளவில் அரங்கேறுகிறது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளமும் ரூ.1,224 கோடி மதிப்பும் கொண்ட இத்திட்டத்தை நிறைவேற்றியது பொதுத்துறையின் பிஎஸ்என்எல். அதே ஆண்டு ஜனவரியில்தான் அந்நிறுவனத்தின் சுமார் 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். தீவு மக்களுக்கு வேகமான இணையம் கிடைத்தது வரவேற்கத்தக்கதே. ஆனால், பொதுப்பணத்தில் போட்ட பாதையில் அன்னிய ஏகபோகங்களின் சரக்கே அதிகம் ஓடுகிறது.

அந்த ஏகபோகங்களின் வணிக உத்தி ஒளிவுமறைவற்றது: கூலிச் செலவைக் குறைத்து, மிச்சத்தை இயந்திரத்தில் கொட்டுவது. 2025 நிதியாண்டில் தரவு மையங்களுக்கு 8,000 கோடி டாலர் ஒதுக்கிய மைக்ரோசாஃப்ட், அந்த ஆண்டு மே, ஜூலை மாதங்களில் மட்டும் சுமார் 15,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. டிசிஎஸ் 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ரூ.12,760 கோடி நிகர லாபம் ஈட்டியது. ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. திறன் பொருந்தவில்லை என்று காரணம் சொன்ன அதே நிறுவனம், அக்டோபரில் தரவு மையத் தொழிலில் இறங்குவதாக அறிவித்தது. சென்னையில் கணினி வேலையை நம்பிப் படிக்கும் தீவு இளைஞர்களின் எதிர்காலமும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

மோடி அரசோ, 2024 மார்ச்சில் இந்தியா ஏஐ திட்டத்துக்கு ரூ.10,372 கோடியை அனுமதித்தது. பொதுப்பணம் பாயும் இடத்தில் வேலைப் பாதுகாப்புக்கான நிபந்தனை எங்கே?

போராடினால் முதலாளிகளைக் கட்டுப்படுத்த முடியும். 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள், செயற்கை நுண்ணறிவின் பயன்பாட்டுக்கு வரம்பு கட்டும் ஒப்பந்தத்தை வென்றெடுத்தனர். அந்த வழியில் கோரிக்கைகளும் திட்டவட்டமாக இருக்க வேண்டும். அரசு மானியம் பெறும் நிறுவனம் ஆட்குறைப்பு செய்யக்கூடாது. புதிய இயந்திரத்தைப் புகுத்தும் முன் தொழிற்சங்கத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவது சட்டக் கடமையாக வேண்டும். உற்பத்தித்திறன் உயர்ந்தால் வேலைநேரம் குறைய வேண்டும். பிஎஸ்என்எல்லை வலுப்படுத்தி, தீவு இளைஞர்களுக்கு நிரந்தரப் பணி வழங்க வேண்டும்.

மனித அறிவின் கூட்டு உழைப்பில் பிறந்த இயந்திரம் சமூகத்தின் சொத்து. அதை மீட்க, கணினி ஊழியரையும் துறைமுகத் தொழிலாளரையும் ஒரே அணியில் திரட்டுவதே கட்சி அணிகளின் உடனடிப் பணி.